முற்றிய எம்பிசீமாவுக்கு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன்

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதையும் நோயான எம்பிசீமா முற்றி, இன்ஹேலர்களை முறையாக எடுத்துக்கொண்டும், குளிக்கையில் இரண்டு குவளை நீர் ஊற்றியதுமே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கும் நிலை வந்துவிட்டால், அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என நுரையீரல் மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கு முன் பீடி, சிகரெட்டை அடியோடு விட்டுச் சில மாதங்களாவது கழிந்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சியிலேயே தேறி, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு.

நோய் நுரையீரலின் எந்தப் பகுதியை அதிகம் அழித்திருக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். கெட்டுப்போன பகுதி காற்றை வெளியே விடாமல் உப்பி, நல்ல பகுதியை நெருக்குகிறது, மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானத்தையும் தட்டையாக்கிவிடுகிறது. ஒவ்வொரு நுரையீரலிலும் 20 முதல் 30 சதவீதத்தை வெட்டியெடுத்து அந்த நெருக்கடியைக் குறைப்பதே கொள்ளளவுக் குறைப்பு அறுவை சிகிச்சை. அமெரிக்காவில் 1,218 பேரிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், நுரையீரலின் மேல்மடல்களில் (மடல் என்பது நுரையீரலின் பெரும் பிரிவு) நோய் மிகுந்து, பயிற்சிக்குப் பிறகும் உடலுழைப்புத் திறன் குறைவாகவே இருந்தவர்களுக்கு இதனால் ஆயுள் கூடியது. மாறாக, முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு இயல்பில் 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, நோயும் நுரையீரல் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் அல்லது நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் இடையிலான வாயுப் பரிமாற்றத் திறனும் இயல்பில் 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஆபத்து மிக அதிகம். அத்தகையோரில் 16 சதவீதத்தினர் அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தனர். இந்த எண்களைக் கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

கத்தியின்றி, மூச்சுக்குழாய்க்குள் சிறு வால்வுகளைப் பொருத்தி ஒரு மடலைச் சுருங்கச் செய்யும் முறையும் உண்டு. மடல்களுக்கு இடையிலுள்ள பிளவு அவற்றை முழுமையாகப் பிரித்திருந்தால்தான் இது பலிக்கும். இல்லையெனில் பக்கத்து மடலிலிருந்து காற்று புகுந்துவிடும். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும் அபாயம் முதல் சில நாட்களில் அதிகம் என்பதால், அன்றே வீடு திரும்ப அவசரப்பட வேண்டாம்.

ஒரே பெரிய காற்றுப்பை மார்பின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அடைத்திருந்தால், அதை மட்டும் அகற்றுவதே போதுமானதாக இருக்கலாம்.

இவை எதற்கும் இடமில்லாதபோது நுரையீரல் மாற்று சிகிச்சை பரிசீலிக்கப்படும். தமிழ்நாட்டில் இறந்தோரின் உறுப்புக்கான காத்திருப்புப் பதிவு, மருத்துவமனை மூலம் மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் செய்யப்படுகிறது. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். அவற்றின் செலவைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எந்த நிபுணரைப் பார்க்கப் போனாலும் சி.டி. ஸ்கேனின் அறிக்கைத் தாளோடு நில்லாமல், படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கொண்டுசெல்லுங்கள். மடல்களின் பிளவை அவர் தம் கண்ணால் பார்த்தாக வேண்டும்.