ஹீட் பம்ப் ரிவர்சிங் வால்வு: கழற்றும் முன் உறுதி செய்யுங்கள், பொருத்தும்போது சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

ஹீட் பம்ப் என்பது கூலிங், ஹீட்டிங் இரண்டும் தரும் ஏ.சி. மெஷின். அதில் கேஸ் (குளிரூட்டும் வாயு) ஓடும் திசையை மாற்றுவது ரிவர்சிங் வால்வு. அதை மாற்றுவது லேசான வேலை இல்லை. கேஸ் முழுவதையும் இறக்க வேண்டும், நெருக்கமான இடத்தில் நான்கு ஜாயிண்ட் பிரேசிங் (உலோக ராடை உருக்கி ஒட்டுவது) செய்ய வேண்டும், பிறகு வேக்குவம் (உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சுவது), சார்ஜிங் (கேஸ் நிரப்புவது). இவ்வளவும் முடித்த பிறகு அதே கோளாறு திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பழைய வால்வு கெடவே இல்லை. அல்லது புது வால்வை டார்ச் சூட்டிலேயே நாம் கெடுத்துவிட்டோம்.

வால்வு எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வால்வின் மேல் இருக்கும் மின்காந்தக் காயில், வால்வுக்குள் இங்குமங்கும் நகர்ந்து வழியை மாற்றும் ஸ்லைடை நேரடியாக இழுப்பதில்லை. அது சின்ன பைலட் வால்வை மட்டும் திறக்கிறது. பைலட்டிலிருந்து போகும் மெல்லிய கேபிலரி குழாய் வழியாகச் சிலிண்டரின் ஒரு முனையில் இருக்கும் அழுத்தம், கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷன் பக்கம் வடிந்துவிடும். மறுமுனையில் இருக்கும் டிஸ்சார்ஜ் அழுத்தம், அதாவது கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம், ஸ்லைடைத் தள்ளும். அதாவது தள்ளும் பலம் கம்ப்ரஸருடையது. இரண்டு பக்கத்துக்கும் இடையே சுமார் 100 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இல்லாவிட்டால் நல்ல வால்வுகூட நகராமல் நிற்கலாம், அல்லது பாதியில் மாட்டிக்கொள்ளலாம். கேஸ் குறைந்த மெஷினில் வால்வைக் குறை சொல்வது அதனால்தான் தவறு. முதலில் லீக்கை அடைத்து, சரியான அளவு கேஸ் போட்டுப் பாருங்கள்.

நான்கு குழாயில் தனியாக ஒரு பக்கம் இருப்பது கம்ப்ரஸர் டிஸ்சார்ஜ். மூன்று சேர்ந்திருக்கும் பக்கத்தில் நடுக்குழாய் கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷன். ஓரத்தில் உள்ள இரண்டும் இண்டோர், அவுட்டோர் காயிலுக்குப் போகின்றன (இவை கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்கள், வால்வின் மின்காந்தக் காயில் வேறு). மோடு மாறும்போது இந்த ஓரக் குழாய்களின் வேலைதான் மாறும். தனிக்குழாய் எப்போதும் சூடு, நடுக்குழாய் எப்போதும் சக்‌ஷன்.

வால்வுதானா என்று பார்ப்பது

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். பல மெஷின்களில் கூலிங்கின்போது வால்வின் காயிலுக்கு சப்ளை வரும், சிலவற்றில் ஹீட்டிங்கின்போது வரும். வயரிங் படத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டில் இந்த செட்டிங் மாறியிருந்தால், ஹீட்டிங் கேட்டால் குளிர்காற்று வரும். அதற்கு வால்வு பொறுப்பில்லை. டக்ட் உள்ள மெஷின்களில் காயில் பெரும்பாலும் 24 வோல்ட், ஸ்ப்ளிட்டில் பெரும்பாலும் போர்டிலிருந்து வரும் 220–240 வோல்ட். மீட்டரை காயில் பிளக்கிலேயே வைத்து அளக்க வேண்டும். சப்ளை வரும்போது ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயிலின் நட்டுக்கு அருகே கொண்டுபோனால் காந்த இழுப்பு கையில் தெரியும். வோல்டேஜ் வந்தும் இழுப்பு இல்லை, சப்ளையை நிறுத்தி ஓம் பார்த்தால் ஓப்பன் (உள்ளே கம்பி அறுந்திருக்கிறது) என்றால் காயிலை மட்டும் மாற்றினால் போதும், கேஸைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு எச்சரிக்கை: சப்ளை இருக்கும்போது ஏ.சி. காயிலைத் தண்டிலிருந்து உருவாதீர்கள். உள்ளே இரும்பு இல்லாவிட்டால் கரண்ட் ஏறிக் காயில் எரிந்துவிடும்.

அடுத்தது டெம்பரேச்சர் சோதனை. உள்ளே லீக் ஆகும் வால்வும் பிஸ்டனோ வால்வோ தேய்ந்த கம்ப்ரஸரும் கேஜில் ஒரே மாதிரிதான் தெரியும்: சக்‌ஷன் அதிகம், டிஸ்சார்ஜ் குறைவு, ஆம்பியர் குறைவு. கம்ப்ரஸரா வால்வா என்று பிரித்துக் காட்டுவது இந்தச் சோதனைதான். மெஷினைக் கூலிங்கில் 10 நிமிடமாவது ஓடவிட்டு, இண்டோர் காயிலிலிருந்து வால்வுக்கு வரும் குழாயையும், வால்விலிருந்து கம்ப்ரஸருக்குப் போகும் நடுக்குழாயையும் அளங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே கேஸ் என்பதால் வித்தியாசம் 1–2 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 5 டிகிரியைத் தாண்டினால் சூடான டிஸ்சார்ஜ் கேஸ் உள்ளே சக்‌ஷனில் கலக்கிறது என்று அர்த்தம். வித்தியாசமே இல்லையென்றால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள். சென்சாரை வால்விலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளிக் கட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். வால்வை ஒட்டி வைத்தால் அதன் உடல் சூடு குழாயில் ஏறி, நல்ல வால்வையும் கெட்டதாகக் காட்டும்.

ஸ்லைடு மாட்டிக்கொண்டிருந்தால், மெஷின் ஓடும்போது கூலிங்கையும் ஹீட்டிங்கையும் சில முறை மாற்றிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டலாம். சுத்தியல் வேண்டாம். சிலிண்டரில் சின்ன நசுங்கல் விழுந்தாலும் ஸ்லைடு அந்த இடத்தைத் தாண்டாது. ஏற்கெனவே நசுங்கல் இருக்கிறதா, கேபிலரி மடிந்திருக்கிறதா என்றும் கண்ணால் பாருங்கள்.

பார்ட் வாங்கும்போது

குழாய் சைஸ் பொருந்தினால் போதும் என்று வாங்கக் கூடாது. மெஷினின் டன் அளவுக்கும் கேஸுக்கும் ஏற்ற வால்வு வேண்டும். சின்ன மெஷினில் பெரிய வால்வு போட்டால் கேஸ் ஓட்டம் போதாமல் ஸ்லைடு நடுவில் நிற்கும். ஆர்-410ஏ கேஸ் உள்ள மெஷினில் ஆர்-22 கேஸுக்கு மட்டுமான வால்வைப் போடவே கூடாது, அழுத்தம் தாங்காது. காயில் வோல்டேஜைச் சரிபாருங்கள். கூடவே ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரும் புதிதாக வாங்குங்கள். ஹீட் பம்ப்பில் கேஸ் இரு திசையிலும் ஓடும், அதனால் இரு திசைக்கும் ஏற்ற பை-ஃப்ளோ டிரையர்தான் சரி.

கழற்றுவது

பவரை நிறுத்திப் பூட்டி, கெபாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ரெக்கவரி மெஷினில் கேஸை இரண்டு பக்கமும் முழுதாக இறக்குங்கள். காற்றில் விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 நன்றாகவே தீப்பிடிக்கும். இவற்றில் கேஸை இறக்கிய பிறகு நைட்ரஜன் விட்டு, வேக்குவம் போட்டு, மறுபடி நைட்ரஜன் விட்ட பிறகுதான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும்.

குழாய்களைப் போட்டோ எடுத்து, நான்குக்கும் டேப்பில் எண் எழுதுங்கள். பழைய ஜாயிண்டுகளைச் சூடாக்கி உருவுவதைவிட டியூப் கட்டரால் வெட்டுவது நல்லது. நான்கு ஜாயிண்டையும் ஒரே நேரத்தில் இளக்க முடியாது, இழுக்கும்போது குழாய் வளையும், உள்ளே தங்கிய ஆயில் தீப்பற்றும். ஹாக்ஸா வேண்டாம், செம்புத் தூள் உள்ளே விழும். கப்ளிங் (இரண்டு குழாயை இணைக்கும் துண்டு) வால்விலிருந்து 10–15 செ.மீ. தள்ளி வரும்படி வெட்டுங்கள். பிறகு புது வால்வில் துண்டுக் குழாய்களை வெளியே மேசையில் வைத்தே பிரேசிங் செய்துவிடலாம். மெஷினுக்குள் நெருக்கத்தில் குனிந்து செய்ய வேண்டியது வால்வுக்கு எட்டத்தில் இருக்கும் நான்கு கப்ளிங்குகள் மட்டும். ஜாயிண்ட் எண்ணிக்கை கூடும்தான், ஆனால் வால்வு பிழைக்கும்.

பிரேசிங்

வால்வின் உடல் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, உள்ளே இருக்கும் ஸ்லைடு பிளாஸ்டிக் வகை. 15% வெள்ளி ராடோ 640 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். சில செ.மீ. இடைவெளியில் இவ்வளவு வித்தியாசத்தை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும். காயிலைக் கழற்றி வையுங்கள். உடல் முழுக்கச் சூட்டைத் தடுக்கும் ஹீட் பேஸ்ட் பூசுங்கள், அல்லது ஈரத்துணி சுற்றுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குழாய்க்குள் போகக் கூடாது, போனால் வேக்குவம் இறங்கவே இறங்காது. சுடர் எப்போதும் வால்வுக்கு எதிர்த்திசையைப் பார்க்கட்டும். சின்ன சுடர் வைத்து நிதானமாகச் செய்தால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. மெதுவாகச் சூடேற்றினால் சூடு குழாய் வழியே உடலுக்கு ஓட நேரம் கிடைக்கும். பெரிய டிப், குறைந்த நேரம். ஒரு ஜாயிண்ட் முடிந்ததும் கையால் தொடும் சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

செம்போடு செம்பு சேர்க்க ஃபிளக்ஸ் தேவையில்லை. வால்வின் முனை ஸ்டீலாக இருந்தால் பாஸ்பரஸ் கலந்த ராடு பொருந்தாது, ஜாயிண்ட் உடையும். அங்கே 45% வெள்ளி ராடும் ஃபிளக்ஸும் வேண்டும்.

பிரேசிங் நடக்கும் நேரமெல்லாம் உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும், நிமிடத்துக்கு 1–2 லிட்டர் போதும். மறுமுனை திறந்திருக்க வேண்டும். அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, இளகிய ராடில் ஓட்டை விழும். நைட்ரஜன் விடாவிட்டால் குழாயின் உள்பக்கம் கறுப்புச் செதிலாகிவிடும். அது உதிர்ந்து பைலட் கேபிலரியையும் ஸ்லைடை நகர்த்தும் பிஸ்டனின் சின்னத் துளையையும் அடைத்தால் புது வால்வு மாட்டிக்கொள்ளும்.

சோதனையும் சார்ஜிங்கும்

டிரையரையும் மாற்றிய பிறகு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை முதலில் 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். பிறகு நேம்பிளேட்டில் உள்ள சோதனை அழுத்தம் வரை ஏற்றி அரை மணி நேரமாவது நிறுத்துங்கள். ஆக்ஸிஜனை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

வேக்குவம் 500 மைக்ரானுக்குக் (வேக்குவம் அளக்கும் அலகு) கீழே போக வேண்டும். மைக்ரான் கேஜை பம்ப்பில் மாட்டாமல் மெஷின் பக்கம் மாட்டுங்கள். பம்ப்பைத் தனிப்படுத்தி 10 நிமிடம் கவனியுங்கள். முள் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். கேஸை நேம்பிளேட்டில் சொன்ன எடைக்குத் தராசில் வைத்துப் போடுங்கள். ஆர்-410ஏ கலவை என்பதால் திரவமாகவே இறக்க வேண்டும்.

கூலிங், ஹீட்டிங் இரண்டிலும் 15 நிமிடம் ஓட்டி, அதே டெம்பரேச்சர் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஹீட்டிங்கில் அளக்க வேண்டியது அவுட்டோர் காயிலிலிருந்து வரும் குழாயை. அவுட்டோர் காயிலில் படியும் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட்டையும் ஒரு முறை வலிந்து ஓட்டிப் பாருங்கள். பேனலை மூடும் முன் காயில் நட்டு இறுகியிருக்கிறதா, அதன் வயர் டிஸ்சார்ஜ் குழாயைத் தொடுகிறதா, கேபிலரிகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று பாருங்கள். உரசினால் விரலால் மெல்ல விலக்கிவிடுங்கள். அதிர்வில் தேய்ந்து கேபிலரியில் ஓட்டை விழுந்தால் போட்ட கேஸ் முழுவதும் போய்விடும்.