விண்வெளிப் போர் நாவலைப் பாதியில் மூடிவைக்காமல் படிப்பது எப்படி?

இந்த வகை நாவல்களை எடுத்தவர்கள் பலர் ஐம்பதாவது பக்கத்தோடு கழன்றுகொள்வார்கள். பழி அறிவியல் மேல் விழும். உண்மையில் படுத்துவது வேறு இரண்டு: இப்போது எந்த வருஷம், யாருக்கு யார் மேலதிகாரி.

படி 1: புத்தகம்

ஜோ ஹால்டிமேனின் ‘தி ஃபாரெவர் வார்’ (1974). வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர் எழுதியது, ஒல்லிப் புத்தகம். ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959) படித்துவிட்டு வா என்று பலர் சொல்வார்கள். அதில் சண்டையைவிட வகுப்பறைப் பாடம் அதிகம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகக் கடையில் எடுத்தால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். நாயகன் பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதி ரொம்பச் சோகம் என்று, கதையை முதலில் வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் அப்போது மாற்ற வைத்துவிட்டார். 1997 பதிப்பில்தான் மூல வடிவம் முழுசாக இருக்கிறது.

படி 2: ஒரு துண்டுக் காகிதம்

எனக்குத் தண்ணி காட்டியது இந்த இடம்தான். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பதால் கப்பலில் சில மாதம் கழிந்தால் பூமியில் பல பத்தாண்டு, சில சமயம் நூற்றாண்டே ஓடிவிடும். ‘லெஃப்டினன்ட் மண்டெல்லா’ என்ற பகுதியின் தலைப்பிலேயே 2024–2389 என்று போட்டிருக்கிறது. சட்டென்று பக்கத்தைத் திருப்பினால் அது கண்ணில் படாது.

காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடதுபக்கம் நாயகன் மண்டெல்லாவின் பதவி, வலதுபக்கம் பூமியின் வருஷம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஒரு வரி. எதிரிக் கப்பலும் இதே மாதிரி காலம் தாண்டித்தான் வருகிறது; அதனால் எதிரில் நிற்பது நம் ஆளைவிட நூறு வருஷம் புதிய ஆயுதமாக இருக்கலாம். சண்டைக்கு முன் மண்டெல்லாவின் ஆட்கள் ஏன் அவ்வளவு நடுங்குகிறார்கள் என்பது வலதுபக்கப் பத்தியைப் பார்த்தால் புரியும்.

படி 3: கேப்டன் குழப்பம்

தரைப்படைக் கேப்டன் சின்ன அதிகாரி. கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். நம் இந்தியப் படைகளிலும் இப்படித்தான். விண்கப்பல் கதைகள் பெரும்பாலும் கடற்படை வழக்கப்படி போகும், உள்ளே இருக்கும் மரீன் வீரர்களுக்கு (கப்பலில் போய் இறங்கிச் சண்டை போடுபவர்கள்) மட்டும் தரைப்படை மாதிரிப் பதவிகள்.

போதாக்குறைக்கு, கப்பலை நடத்துபவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அங்கே அவர்தான் கேப்டன். டேவிட் வெபரின் ‘ஆன் பாசிலிஸ்க் ஸ்டேஷன்’ (1993) தொடங்கும்போது நாயகி ஹானர் ஹாரிங்டன் கேப்டனுக்குக் கீழான கமாண்டர்தான். ஆனால் கப்பலில் எல்லாருக்கும் அவர் கேப்டன். (இந்த நாவலின் கடைசித் துரத்தலுக்கு நடுவே ஹைப்பர்ஸ்பேஸ் (ஒளியைவிட வேகமாகப் போகக் கப்பல்கள் நுழையும் கற்பனை வெளி) வரலாறு பக்கம் பக்கமாக வரும். தாராளமாகத் தாண்டுங்கள்.)

படி 4: கருவி

என் ஓட்டு கிண்டிலுக்கு. புரியாத ஆயுதப் பெயரைத் தேடலில் போட்டு, முதலில் வரும் இடத்துக்குப் போங்கள். விளக்கம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ரசிகர் விக்கிப் பக்கங்கள் மட்டும் வேண்டாம். துப்பாக்கியைத் தேடப் போனால் யார் சாகிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: ‘ஃபாரெவர் பீஸ்’ இரண்டாம் பாகம் என்று நினைத்து வாங்கிவிட்டதாகக் கமெண்டில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது தனிக் கதை, மண்டெல்லா அதில் கிடையாது. நேரடித் தொடர்ச்சி 1999-இல் வந்த ‘ஃபாரெவர் ஃப்ரீ’. அதன் முடிவு எனக்கு ஒட்டவில்லை, மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.