நேரடி வகுப்பா, இணையவழிப் பாடமா: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலையில் புதிய பருவம் தொடங்கியதும், குடியாத்தத்திலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் பேருந்தில் வரும் மாணவர்கள் எங்கள் துறையின் வாசலில் நின்று, ஒரு தாளை வகுப்பில் படிக்கலாமா, ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேலூரில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் நான், அவர்கள் செய்யும் தவறுகளில் பாதியை முன்பே செய்தவன். செல்பேசியைத் தள்ளி வையுங்கள், படுத்துக்கொண்டு பாடம் கேட்காதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

2020-ஐ அளவுகோலாகக் கொள்வது

கொரோனா காலத்தில் நடந்ததை வைத்து இணையவழிக் கல்வி முழுவதையும் எடைபோடுகிறார்கள். அன்று நடந்தது, வகுப்பறைப் பாடத்தை அப்படியே கூகுள் மீட்டுக்கு மாற்றிய அவசர ஏற்பாடு. அணைக்கட்டு வட்டத்து மலையூர் மாணவர் ஒருவர், சிக்னல் கிடைக்கும் பாறையில் அமர்ந்து கேட்ட பாடத்தில் பாதி வாக்கியங்கள் அறுந்துபோயின. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை விலையில்லாமல் தந்தபோதும், டவர் எட்டாத ஊருக்கு அது பயன்படவில்லை. இணையத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட பாடம் வேறு வகையானது. அதைச் சிறு சிறு காணொளிகளாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்; வாரந்தோறும் பயிற்சியும் உண்டு.

பேருந்து நேரத்தை மட்டும் கணக்கிடுவது

போய்வரும் மூன்று மணி நேரம் மிச்சம் என்கிறார்கள். அந்த நேரம் படிப்புக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடாத வீடுகள் குறைவு. எங்கள் மாணவியர் சிலர் இணையப் பாடத்தையும் கல்லூரி நூலகத்தில் அமர்ந்தே கேட்கிறார்கள். தனி அறை இல்லாதவர்களுக்கு அதுவே சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

ஆய்வகத் தாளை இணையத்தில் தேடுவது

வேண்டாம். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து விழும் ஒரே துளியில் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறும் கணத்தைக் கையால்தான் பழக வேண்டும்.

பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் சேர்ந்தாயிற்று என்று நம்புவது

மாணவர்களுக்குப் பெரிய இழப்பைத் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதில் சிக்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஸ்வயம் தளத்தில் உள்ள, ஐ.ஐ.டி.கள் முதலியவை நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை. காணொளிகள், வாரப் பயிற்சிகள், ஐயம் கேட்கும் பக்கம் எல்லாமே இலவசம். ஆனால் சான்றிதழும், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளியான கிரெடிட்டும் வேண்டுமானால், தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்து, பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், பாடம் தொடங்கிய சில வாரங்களிலேயே, மாணவர் வாரப் பயிற்சிகளில் மூழ்கியிருக்கும்போதே கடந்துவிடுகிறது.

12 வாரப் பாடத்தில், சிறந்த 8 பயிற்சிகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். பயிற்சியில் 25-க்கு 25 வாங்கியிருந்தாலும், தேர்வு எழுதாவிட்டால் அது எதற்கும் ஆகாது.

நானும் ஒருமுறை இப்படி இழந்தவன். பன்னிரண்டு பயிற்சிகளையும் இரவு விழித்து முடித்துவிட்டு, ஹால் டிக்கெட் வருமென்று நாள்தோறும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போனது ஒரு சான்றிதழ் மட்டுமே. சில ஆண்டுகளுக்குப் பின், வேறொரு கல்லூரியில் முதுகலை இறுதிப் பருவம் படித்த பெண் ஒருவர் என்னைத் தேடி வந்து, "அசைன்மென்ட் எல்லாம் போட்டுட்டேன் சார், ஹால் டிக்கெட் மட்டும் இன்னும் வரலை" என்று கீறல் விழுந்த செல்பேசியை நீட்டினார். வாரம் ஒன்றிலிருந்து வரிசையாக மதிப்பெண்கள் தெரிந்தன. எதுவும் 80-க்குக் குறையவில்லை. தேர்வு விண்ணப்பம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. 3 கிரெடிட் குறைந்ததால் பட்டம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போயிற்று. பட்டத்தை நம்பிக் காத்திருந்த வேலையும் கைவிட்டுப் போயிற்று. அவருடைய அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தவர். கல்லூரியோ, கடைசி நாளைத் தகவல் பலகையில் ஒட்டியதோடு இருந்துவிட்டது.

நேரடி வகுப்புக்கும் இணையவழிக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். கல்லூரியில் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முன் வகுப்பு ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்பார், அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு வகுப்புக்கே வருவார், பக்கத்தில் இருப்பவர் "கட்டிட்டியா?" என்பார். இணையத்தில் இத்தனை பேரின் வேலையும் மாணவர் ஒருவரின் தலையில் விழுகிறது. நினைவூட்டல் மின்னஞ்சல் வருகிறது. ஆனால் நம் மாணவர்களில் பலர், வாட்ஸ்அப்பைப் பார்ப்பதுபோல் மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. ஆகவே பாடத்தில் சேரும் அன்றே, தேர்வு விண்ணப்பம் தொடங்கும் நாள், முடியும் நாள், தேர்வு நாள் மூன்றையும் வீட்டு நாள்காட்டியில் வட்டமிடுங்கள். கட்டணம் செலுத்தியதும் ரசீதின் படி ஒன்றைத் துறைத்தலைவரிடம் கொடுங்கள்.

துறையைக் கேட்காமல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகின்றன. எந்தப் பாடம் எந்தத் தாளுக்கு ஈடாகும் என்பதை உங்கள் கல்லூரியில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பிச் சேராமல், ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐயத்தைச் சேர்த்துவைப்பது

வகுப்பில் மறுநாள் கேட்கலாம். இணையப் பாடத்தில், காணொளியின் எந்த நிமிடத்தில் புரியாமல் போயிற்று என்று குறிப்பிட்டு அன்றே எழுதிக் கேளுங்கள்.