காலநிலையின் இயற்கைக் காரணங்களை எக்செல் தாளில் கணக்கிடுவது எப்படி?

சூரியன், எரிமலை, பூமியின் சுற்றுப்பாதை ஆகியவை காரணங்கள். நீராவி, பனி, மேகம் ஆகியவை பின்னூட்டங்கள். வெப்பநிலை என்னவாக இருந்தாலும் தன்போக்கில் மாறுவது காரணம். வெப்பநிலை மாறியதால் தானும் மாறி, அந்த மாற்றத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ பின்னூட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மொத்தக் கணக்கும் கெடும். அதனால் தாளைத் திறந்ததுமே இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை ஒதுக்குங்கள்.

அடிப்படைச் சமநிலை

பூமிக்கு வந்துசேரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்கு 1361 வாட். (இனி வரும் வாட் எல்லாம் சதுர மீட்டருக்குத்தான்.) அதை 4-ஆல் வகுங்கள். வெயிலைத் தடுப்பது பூமியின் வட்டப் பரப்பு. அந்த வெப்பம் பரவுவதோ அதைப் போல நான்கு மடங்குள்ள கோளப் பரப்பில். 30 சதவீதம் எதிரொளித்துத் திரும்பிவிடுவதால் 0.7-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 238 வாட். இதை 5.67 × 10⁻⁸ என்ற மாறிலியால் (ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலி: சூடான பொருள் எவ்வளவு ஆற்றலை வெளிவிடும் என்பதைச் சொல்வது) வகுத்து நான்காம் மூலம் எடுத்தால் சுமார் 255 கெல்வின், அதாவது உறைநிலைக்கு 18 டிகிரி கீழே. உண்மையான சராசரி சுமார் 288 கெல்வின். இடையில் உள்ள 33 டிகிரி பசுங்குடில் விளைவின் வேலை.

இங்கே செல்சியஸை நுழைக்காதீர்கள். நான்காம் அடுக்குக் கணக்கு கெல்வினில் மட்டுமே பொருள்படும்.

288 கெல்வினில் பூமி 1 டிகிரி சூடானால் கூடுதலாக வெளியேற்றுவது 4 × 238 ÷ 288, அதாவது 3.3 வாட். இதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள். பூமியைக் கட்டுக்குள் வைப்பதே இந்த எண்தான்.

சூரியன்

11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1 வாட் ஏறி இறங்கும். அதை அப்படியே காரண நெடுவரிசையில் எழுதுவது பலரும் செய்யும் பிழை. 1 × 0.7 ÷ 4 = 0.18 வாட் என்பதே சரி. 3.3-ஆல் வகுத்தால் 0.05 டிகிரி.

பின்னூட்டங்கள்

ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் என்ற அளவில் இவற்றை எழுதுங்கள். நீராவிக்கு 1.3, உயரே போகப் போகக் குளிரும் விகிதம் மாறுவதால் வரும் குறைப்பும் இதில் அடங்கும். பனிக்கும் உறைபனிக்கும் 0.34: டிகிரிக்கு 0.001 எதிரொளிதிறன் குறைகிறது என்று வைத்து, 340 வாட்டால் (1361 ÷ 4) பெருக்கியது. மேகத்துக்கு 0.4.

பனியை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். 3.7 வாட் காரணம் (கரியமில வாயு இரட்டிப்பானால் வரும் அளவு) கொடுத்தால் முதல் வரிசையில் 1.12 டிகிரி வரும். அதை 0.34-ஆல் பெருக்கி 3.7-உடன் கூட்டி, மறுபடி 3.3-ஆல் வகுத்தால் 1.24. பிறகு 1.25, அங்கேயே நின்றுவிடும். பின்னூட்டம் என்றாலே கட்டுமீறி ஓடும் என்ற பயம் இந்த மூன்று வரிசையிலேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் புதிய வரிசையில் எழுதுங்கள். ஒரே கட்டம் தன்னையே சுட்டினால் எக்செல் சுழல் பிழை காட்டும்.

நீராவி, பனி, மேகம் மூன்றும் சேர்ந்தால் 2.04. 3.3-இலிருந்து கழித்தால் மிச்சம் 1.26. 3.7 ÷ 1.26 = 2.9 டிகிரி. இப்போது மேகத்தின் 0.4-ஐ 0.8 ஆக்கிப் பாருங்கள்: விடை 4.3-க்குத் தாவும். மீதி சிறுத்துக்கொண்டே போகும்போது ஒரு சிறு பிழையும் பெரிதாகும். காலநிலை ஆய்வாளர்கள் மேகத்தோடு இவ்வளவு மல்லுக்கட்டுவது அதனால்தான்.

எரிமலை

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூனில் வெடித்து ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை அடுக்கு மண்டலத்துக்கு (மேகங்களுக்கும் மேலே உள்ள காற்றடுக்கு) ஏற்றியது. குளிர்வித்தது சாம்பல் அல்ல. அது விரைவில் படிந்துவிடும். கந்தக அமிலத் துளிகள்தாம் ஓரிரு ஆண்டு தங்கி வெயிலைத் திருப்பின. உச்சத்தில் மைனஸ் 3 வாட். 1.26-ஆல் வகுத்தால் 2.4 டிகிரி குளிர்ச்சி வர வேண்டும். உண்மையில் வந்தது சுமார் 0.5.

தவறு எங்கே? கடலை விட்டுவிட்டோம். பூமியின் 70 சதவீதத்தில் 70 மீட்டர் ஆழ நீர் இருப்பதாகக் கொண்டால், 1 வாட் ஓராண்டு முழுக்கப் பாய்ந்தாலும் 0.15 டிகிரிதான் ஏறும். எனவே ஆண்டுக்கொரு வரிசை:

புதிய மாற்றம் = பழைய மாற்றம் + 0.15 × (காரணம் − 1.26 × பழைய மாற்றம்)

முதலாண்டு மைனஸ் 3, அடுத்த ஆண்டு மைனஸ் 1 கொடுங்கள்: மைனஸ் 0.45, பிறகு மைனஸ் 0.51. வரிசையைப் பத்தாண்டுக்கு ஒன்றாக்கி நேரம் மிச்சம் பிடிக்க நினைத்தால் விடைகள் ஊஞ்சலாடும். பன்னிரண்டாண்டு என்றால் வெடித்தே போகும். அது இயற்கையின் நடத்தை அல்ல, நீங்கள் வைத்த காலப்படியின் கோளாறு.

சுற்றுப்பாதை

இதற்கு இந்தத் தாள் பொருந்தாது. அச்சுச் சாய்வு சுமார் 41,000 ஆண்டுச் சுழற்சியில் 22.1 முதல் 24.5 டிகிரி வரை மாறினாலும், உலகம் முழுக்க ஆண்டு முழுக்கப் பெறும் வெயிலின் சராசரி மாறாது. எந்த அட்சத்துக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு என்பதுதான் மாறும். வடக்கே 65 டிகிரி அட்சத்தில் கோடை வெயில் குறைந்தால் பனி உருகாமல் மிஞ்சிப் பனிப்படலமாக வளரும். அதற்குப் பனிக்கு நாம் வைத்த 0.34 போதவே போதாது.

பனியுகத்தில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து 180-க்கு இறங்கியது. 5.35-ஐ 280 ÷ 180-இன் இயல் மடக்கையால் பெருக்கினால் 2.4 வாட் குறைவு. அங்கே அது பின்னூட்டம். காரண நெடுவரிசையிலும் எழுதினால் இருமுறை எண்ணியதாகும். அதே வாயு நிலக்கரி எரித்து வரும்போது காரண நெடுவரிசையில்தான் உட்காரும்.