போனைக் கம்ப்யூட்டரில் செருகும்போது நாம் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளியில் மழை பிடித்துவிட்டால் ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்புகள் மதியமே திரும்பிவிடும். அந்த மாதிரி நாட்களில்தான் யாராவது ஒருவர் போனும் ஒயருமாக எங்கள் வீட்டுக்கு வருவார், "தம்பி, மெமரி நிறைஞ்சு போச்சு, போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு" என்று. செருகினால் சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது. உடனே, "இந்தப் போனுக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் சேராது போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் சேரும். நாம் அவசரப்படுவதில்தான் கெடுகிறது.

முதலில் ஒயரைப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் 4 கம்பிகள் உண்டு, இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவல் போய்வர. பவர் பேங்க், டார்ச் லைட், ஸ்பீக்கர் இவற்றோடு வரும் குட்டி ஒயர்கள் பலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கடையில் "சார்ஜர் ஒயர்" என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள். டைப்-சி முனை என்பதற்காக எல்லாமே வேகமாகப் போகும் என்றும் நினைக்க வேண்டாம். ஐபோன் 15 டைப்-சிதான், ஆனால் அதன் வேகம் பழைய யுஎஸ்பி 2 அளவுதான். வேறு கேபிள் மாற்றியும் வரவில்லையென்றால், டெஸ்க்டாப்பின் முன்பக்கம் விட்டுவிட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

கேபிள் சரி, ஆனாலும் ஒன்றும் வரவில்லை என்றால் போனின் திரையைப் பாருங்கள், கம்ப்யூட்டரை அல்ல. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போனைச் செருகினால் அது சார்ஜ் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும், யார் செருகினாலும் உள்ளே இருப்பதை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். லாக்கை எடுத்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி என்று இருப்பதைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும்போதே மலையாளத்தில் அமைத்துக் கொடுத்த போன், பேசும் மலையாளம் நன்றாகத் தெரியும், எழுத்து தெரியாது, திரையில் ஏதோ கேள்வி வந்தால் பயந்துபோய் வேண்டாம் என்கிற பக்கத்தைத் தொட்டுவிடுகிறார்கள். போனைத் தமிழுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள், பாதி வேலை அங்கேயே முடியும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் மனம் விட்டுச் சொல்ல நினைத்தது. கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். கம்பத்தில் நடந்த தங்கச்சி நிச்சயதார்த்தப் படங்களை இடம் காலியாகட்டும் என்று போனிலிருந்து கட் செய்து டெஸ்க்டாப்பில் போட்டேன், யுபிஎஸ் கிடையாது, பாதியில் கரண்ட் போனது. திரும்ப வந்து பார்த்தால் சில படங்கள் போனிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. அதில் அம்மாச்சி உட்கார்ந்திருந்த படங்களும் போயின, அவரை எடுத்த கடைசிப் படங்கள் அவை. இன்றைய ஆண்ட்ராய்டு போன் பென் டிரைவ் போலக் கம்ப்யூட்டரோடு சேர்வதில்லை, எம்டிபி என்ற முறையில் ஒவ்வொரு ஃபைலையும் போனிடம் கேட்டுக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறது. நடுவில் ஒயர் ஆடினாலும், கரண்ட் போனாலும் அந்தப் பேச்சு அறுந்துவிடும். அதனால் காப்பி மட்டும் செய்யுங்கள். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல் என்று எண்ணிப் பாருங்கள், நாலைந்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் போனில் அழிக்கலாம்.

அதேபோல, டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று போனை ரீசெட் செய்வது, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்குவது, இன்னொரு தவறு. அதில் பெரும்பாலும் கேமராவில் எடுத்தவைதான் இருக்கும். நம் வீட்டு விசேஷப் படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை. முன்பெல்லாம் போனைத் திறந்ததுமே வாட்ஸ்அப் என்று தனி ஃபோல்டர் தெரியும், ஆண்ட்ராய்டு 11-லிருந்து அது இடம் மாறிவிட்டது. 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்' என்று போனால் கிடைக்கும். காணோம் என்று விட்டுவிட்டு ரீசெட் கொடுத்தால் அவ்வளவுதான்.

ஐபோன் கொஞ்சம் வேறு. வளைகுடாவிலிருந்து வருகிற மச்சான்மார் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். செருகியதும் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும், நம் சொந்தக் கம்ப்யூட்டரென்றால் மட்டும் 'டிரஸ்ட்' கொடுங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை எச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது, கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது அதை ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும், அந்த மாற்றத்தில்தான் விண்டோஸில் பாதியில் எரர் வந்து நிற்கிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் (புதிய ஐஓஎஸ்ஸில் அது 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும்) கடைசியில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருப்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். படம் விண்டோஸில் திறக்கவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள் இருக்கிறது. ஆப்பிள் மேக்கில் ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் தானாக வராது, அது பழுது கிடையாது, மேக்குக்கு எம்டிபி தெரியாது.

போனைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் வேண்டும் என்று தேடி, கண்ட இடத்திலிருந்து எதையாவது இறக்கி இன்ஸ்டால் செய்யாதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எம்டிபி ஏற்கெனவே இருக்கிறது. கல்யாண வீடியோ பெரிய ஃபைலாக இருந்து பென் டிரைவில் ஏறவில்லையென்றால், அந்த பென் டிரைவ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கலாம், அதில் 4 ஜிபிக்கு மேலான ஒரே ஃபைல் ஏறாது. உள்ளிருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஃபார்மட் செய்து எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள்.

மழையில் நனைந்த போனை அப்படியே செருகுவதும் வேண்டாம். போர்ட் காய்கிற வரைக்கும் பொறுங்கள்.

கடைசியாக, ஜெராக்ஸ் கடையிலோ, கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவிலோ ஒரு ரேஷன் கார்டு பிரிண்ட் எடுக்க லாக்கை எடுத்த போனை அப்படியே செருகக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் குடும்பப் படம், ஆதார், பாஸ்புக் எல்லாம் அந்தத் திரையில் தெரியும். வேண்டிய ஒரு ஃபைலை மட்டும் அவர்களுக்கு மெயிலில் அனுப்புங்கள், பிரிண்ட் கைக்கு வந்ததும் அவர்கள் மெயிலில் இருப்பதையும் கம்ப்யூட்டரில் இறக்கியதையும் ரீசைக்கிள் பின்னில் இருப்பதையும் சேர்த்து உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.