வாடகை எந்தத் தேதியில் வர வேண்டும்? முதல்முறை வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டை முதன்முதலாக வாடகைக்கு விட்டபோது மனக்கசப்பு தேதியில்தான் தொடங்கியது. "மாதம் பிறந்ததும் தருகிறேன், ஆச்சி" என்று குடிவந்தவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா ஆங்கில மாதத்தை நினைத்துக்கொண்டார். குடிவந்தவர் மனத்தில் இருந்தது தமிழ் மாதம். இரண்டு பேருமே நாணயமானவர்கள். ஆனாலும் பதினைந்து நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே கீழே உள்ளவற்றையெல்லாம் பேசி எழுதிவிடுங்கள்.

படி 1: வாடகையை வாங்குபவர் யார்?

செட்டிநாட்டில் இதுதான் தலைவலி. ஒரு வீட்டுக்கு நான்கு பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் ஊரில், ஒருவர் சென்னையில், மற்றவர்கள் கடல் கடந்து. குடியிருப்பவர் ஊரில் இருப்பவரிடம் கையில் பணத்தைக் கொடுத்திருப்பார். பத்தாம் தேதி சென்னையிலிருந்து இன்னொருவர் போன் செய்து, "வாடகை வரவில்லையே?" என்று அதட்டுவார். கொடுத்தவருக்கு இதைவிட அவமானம் உண்டா? பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டு ஒருவரை நியமியுங்கள். அவர் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வந்த பணத்தைப் பிரித்துக்கொள்வது உங்களுக்குள் நடக்க வேண்டிய வேலை. குடியிருப்பவரை அதில் இழுக்காதீர்கள்.

படி 2: கெடு தேதி

குடிவருபவருக்குச் சம்பளம் என்றைக்கு வருகிறது என்று கேளுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்திலோ அரசு அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு மாதக் கடைசியில் வந்துவிடும். அவருக்கு 5 ஆம் தேதி சரி. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் 7 ஆம் தேதி ஆகிவிடும். அவரிடமும் 5 என்று கெடு வைத்தால் மாதாமாதம் தாமதத்தை நாமே உண்டாக்குகிறோம். எந்த மாத வாடகை, முன்கூட்டியா, மாதம் முடிந்த பிறகா என்பதையும் எழுதுங்கள்.

படி 3: அவகாசம்

கெடு 5, அவகாசம் 10 என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட ஐந்து நாட்களும் அபராதம் இல்லாத நாட்கள். கெடு தேதி 10 ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5 ஆம் தேதிக்குள் அந்த மாத வாடகை 8,000 ரூபாய் செலுத்தப்பட வேண்டும். 10 ஆம் தேதி வரை தாமதக் கட்டணம் இல்லை. அதன்பின் அந்த மாதத்துக்கு 200 ரூபாய்."

நாளுக்கு 500 ரூபாய் என்றெல்லாம் மிரட்டி எழுதாதீர்கள். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74 ஆம் பிரிவின்படி, நியாயமான அளவு இழப்பீடுதான் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. வாய்வார்த்தையை நம்பி இருக்காதீர்கள்.

படி 4: நோட்டு

நம் ஊர்க்காரர்களுக்குப் பேரேடு எழுதக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: எந்த மாதம், வந்த தேதி, வந்த தொகை, எந்த வழியில், பாக்கி. எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "ஜூன், 9 ஆம் தேதி, 5,000, கையில், பாக்கி 3,000." அடுத்த வரியில் "18 ஆம் தேதி, 3,000, வங்கி வழி, பாக்கி இல்லை." பாதிப் பணம் வந்தால் அது எந்த மாதத்துக்கு என்று அப்போதே கேட்டு எழுதுங்கள், பிறகு கேட்டால் இரண்டு பேர் நினைவும் இரண்டு விதமாக இருக்கும். கையில் வாங்கினால் ரசீது கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள்.

படி 5: தாமதமானால்

6 ஆம் தேதி காலையில் குறுஞ்செய்தி ஒன்று போதும். 11 ஆம் தேதி நேரில் போங்கள். தெருவில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள்.

"என்ன தம்பி, இந்த மாதம் ஏதும் சிரமமா?"

"தங்கை கல்யாணச் செலவு, ஆச்சி. 20 ஆம் தேதி தந்துவிடுகிறேன்."

அந்த 20 ஐக் குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தேதி தவறினால் கடிதம். இரண்டு மாத வாடகை நின்றுவிட்டால் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும், மின் இணைப்பைத் துண்டிப்பதும் சட்டப்படி கூடாது. பூட்டுப் போடுவதையும் நினைத்துப் பார்க்காதீர்கள்.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருநாள் கேட்பார்கள். நடுவில் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டையையும் மின்கட்டண பாக்கியையும் பார்த்துச் சரிக்கட்ட அந்தப் பணம் முழுதாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் எதற்காக என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, பிறகு சாவியைக் கொடுங்கள்.