முன்பல்லுக்குப் பக்கத்தில் கறுப்பு முக்கோணம்

மேல் முன்பல் இம்பிளான்டுக்கும் (எலும்பில் திருகிப் பூட்டிய செயற்கைப் பல்) பக்கத்துப் பல்லுக்கும் நடுவே முரசு (ஈறு) ஏறாமல் கறுப்பாக ஒரு முக்கோணம். சிரித்தால் கீரை ஒட்டியதுபோல இருக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், பிரஷ் மாற்றினேன், பல்லையே இரண்டு தடவை திருப்பிச் செய்தேன். அதே கதைதான்.

திருகோணமலையில் வேறொரு டொக்டர் முதலில் எக்ஸ்ரே பார்த்தார். பற்கள் இரண்டும் தொடும் இடத்திலிருந்து எலும்பு வரை 5 மில்லிமீற்றருக்குள் இருந்தால் முரசு ஏற வாய்ப்பு அதிகமாம். எனக்கு இருந்தது.

இம்பிளான்டில் ஒரு தற்காலிகப் பல்லைப் பூட்டி, முரசுக்குள் இருக்கும் அதன் கழுத்தில் இரண்டு கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் கம்பொசிட் (பல் நிறப் பிசின்) சேர்த்தார். பூட்டியதும் முரசு வெள்ளையாக வெளிறும். 10, 15 நிமிடத்தில் நிறம் திரும்பாவிட்டால் அழுத்தம் கூடிப்போச்சு என்று தேய்த்துக் குறைப்பார். 3 மாதத்தில் முக்கோணம் மூடியது.

முன்பு கோட்டை விட்டது நிரந்தரப் பல்லுக்கு எடுத்த அச்சில். தற்காலிகப் பல்லைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே முரசு உள்ளே சரிந்துவிடும். பல் செய்யும் லாப்புக்குப் போனது அந்தச் சரிந்த வடிவம்! இவர் அச்சுக்கான திருகுத் துண்டையே தற்காலிகப் பல்லின் கழுத்து வடிவத்தில் செய்து பூட்டி, அதோடு அச்செடுத்தார்.

நிலாவெளியில் எடுத்த படத்தில் எது இம்பிளான்ட் என்று மனைவிக்கே தெரியவில்லை. நிம்மதி.